ராகு காலத்து லோரி

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒலிபெருக்கியைக் கண்டால் போதும், கால் தரையில் நிற்காது. சிராங்கூன் ரோட்டில் யார் வீட்டுக் காதுகுத்தாக இருந்தாலும், எந்தச் சங்கத்து ஆண்டு விழாவாக இருந்தாலும், நன்றியுரை சொல்லக் கூப்பிட்டால் வாழ்த்துரை, சிறப்புரை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவார். பெயர் செல்லக்கண்ணு. எங்களுக்குச் சோறு போட்டது அந்த வாய் அல்ல, இரண்டு பழைய லோரிகள். தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் வந்திறங்கும் சயாம் அரிசி, ஜொகூர்த் தேங்காய், கேமரன் மலை முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் ஏற்றிவந்து நாங்கள் குடியிருந்த டன்லப் ஸ்திரீட் கடைகளில் இறக்குவதுதான் எங்கள் தொழில். ஒரு லோரியை இராமசாமி ஓட்டினான். இன்னொன்றை இப்ராஹீம் ஓட்டினான். லோரி வாங்குவதற்கு முன்னால் இவரே அதே ரயில் நிலையத்தில் முதுகில் மூட்டை சுமந்தவர். அந்த நாளில் வீட்டுக்கு வந்ததும் குப்புறப் படுத்துக்கொள்வார், நான் தவிட்டைச் சூடாக்கி ஒத்தடம் கொடுப்பேன். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. அவர்தான் மேடை ஏறினால் மறந்துவிடுவார்.

அறுபத்திரண்டாம் வருஷம் ரயில் பேச்சு வந்தது. தஞ்சோங் பகாரில் இடம் போதவில்லையாம். ரயில் பாதையை நீட்டிப் புதிதாக ஒரு சரக்கு நிலையம் கட்டப் போகிறார்களாம். உணவுச் சரக்கெல்லாம் இனி அங்கேதான் இறங்குமாம். இரண்டு இடம் பார்த்து வைத்திருந்தார்கள். ஒன்று எங்கள் தெருவுக்குப் பின்னால் கிடந்த காலி நிலம். இன்னொன்று புக்கிட் பாஞ்சாங், ஊருக்கு வெளியே ரப்பர் மரங்களுக்கு நடுவில்.

கேட்க வேண்டுமா? உடனே ஒரு குழு முளைத்தது. மளிகை மொத்த வியாபாரி அழகப்பன் தலைவர். எங்கள் வீட்டுக்குக் கீழே அரிசிக் கிடங்கு வைத்திருந்த நாகூர் கனி பொருளாளர். பேசத் தெரிந்த ஆள் ஒருவர் செயலாளராக வேண்டுமே, தெருவே ஒரே குரலில் இவரைக் கைகாட்டியது. இவரும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

முதல் கூட்டம் தெருமுனையில் பந்தல் போட்டு நடந்தது. பெண்களுக்கென்று ஒதுக்கிய பெஞ்சியில் நானும் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன். இவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"பெருமக்களே! அக்காலத்தில் நியூட்டன் பக்கமாக ரயில் ஓடியது. நமக்குக் கூப்பிடு தூரத்தில் ஓடியது. அதை எடுத்துவிட்டார்கள். அந்த ரயிலை நாம் திரும்பக் கேட்கிறோம்! நம் வாசலுக்கே வரவேண்டும் என்று கேட்கிறோம்! ரயிலிலிருந்து இறங்கும் மூட்டை நேராக நம் கடைக்குள் நுழைய வேண்டும். இடையில் எந்த வண்டிக்கும் வேலை இருக்கக் கூடாது!"

பந்தல் அதிரக் கைதட்டினார்கள். எனக்குச் சுண்டல் தொண்டையில் நின்றது. பக்கத்தில் இருந்த கமலா, "உங்க வீட்டுக்காரர் என்னமா பேசுறாரு அக்கா!" என்று முதுகில் தட்டினாள். அவள் தட்டியதில்தான் சுண்டல் உள்ளே போனது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன்.

"ஏங்க, இடையில எந்த வண்டிக்கும் வேலை இருக்கக் கூடாதுன்னீங்களே."

"ஆமா! கைதட்டல் கேட்டியா? கனி பாய் எழுந்து நின்னு தட்டினாரு."

"இடையில இருக்கிற வண்டி யாரோடது?"

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. முகத்தில் இருந்த சிரிப்பு ஒவ்வொரு பல்லாக உள்ளே போனதை நான் பார்த்தேன்.

"ரயிலு பின்வாசல்ல வந்து நின்னா தள்ளுவண்டி போதும்லா. லோரியை வச்சு என்ன செய்வீங்க? கோழி அடைப்பீங்களா?"

இவர் கட்டிலில் உட்கார்ந்து தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டு நுணல் மாலை போட்டுக்கொண்டு, மைக் வைத்துக் கெட்டது.

"நாளைக்கே போய் அழகப்பண்ணன்கிட்ட சொல்லிடுங்க," என்றேன்.

"என்னன்னு சொல்றது? ஊரே கைதட்டிருக்கு. இப்பப் போய் எனக்கு நட்டம், அதனால வேணாம்னு சொன்னா, காறித் துப்ப மாட்டாங்களா? பேசினது பேசினதுதான் மங்களம்."

"அப்ப திரும்ப மூட்டை தூக்கப் போறீங்களா, இந்த வயசுல?"

அன்றிலிருந்து சோற்றைப் பிசைவார், தின்ன மாட்டார். ஆனால் குழுக் கூட்டம் என்றால் மட்டும் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஊருக்கு உழைக்கிறாராம். வீட்டில் இருப்பவள் ஊரில் சேர்த்தி இல்லையா?

இரண்டு மாதம் கழித்து அதிகாரிகளிடமிருந்து தகவல் வந்தது. தெருவில் சரக்குப் போக்குவரத்து எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க ஆள் வருவார். அதை வைத்து இடத்தை முடிவு செய்வார்கள். அவர் வரும் நாள் வெள்ளிக்கிழமை. எண்ணும் நேரம் காலை பத்தரையிலிருந்து மதியம் இரண்டு மணி வரை.

தகவல் வந்த அன்றே கனி பாய் கிடங்கில் அவசரக் கூட்டம். எங்கள் வீட்டுத் தரை பலகைத் தரை. கீழே யாராவது தும்மினாலும் மேலே எனக்குக் கேட்கும். நான் அரிசி புடைக்கிற சாக்கில் தரையோடு தரையாக உட்கார்ந்துகொண்டேன்.

"வெள்ளிக்கிழமை பத்தரையா!" என்று அழகப்பன் அலறினார். "பத்தரையிலேர்ந்து பன்னெண்டு ராகு காலம்யா! நம்ம ஆளு எவனாவது அப்ப சரக்கு ஏத்துவானா? ஒரு ஈ காக்கா நடமாடாது. அந்த ஆளு வந்து பார்த்துட்டு, இது தெருவா சுடுகாடான்னுல்ல எழுதிட்டுப் போவான்."

"பன்னெண்டுக்கு மேல எங்க ஆளுங்க ஜும்மா தொழுகைக்குப் போயிடுவோம்," என்றார் கனி பாய். "இரண்டு மணிக்குத்தான் திரும்புவோம்."

பிறகு கனி பாயே தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட, இதுல என்ன இருக்கு? எங்களுக்கு ராகுவும் கிடையாது, கேதுவும் கிடையாது. பத்தரையிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் நாங்க வண்டிய ஓட்டுறோம். நாங்க பள்ளிவாசலுக்குப் போறப்ப உங்க ராகு காலம் முடிஞ்சிருக்கும். அப்ப நீங்க ஓட்டுங்க. ஒரு நிமிசம்கூடத் தெரு சும்மா இருக்காது."

எல்லாரும் ஆகா என்றார்கள். ஆனால் ஓட்டுவதற்கு லோரி? தெருவில் இருந்ததே எங்கள் இரண்டு லோரிதான். திரும்பத் திரும்பத் தெருவைச் சுற்றி வந்தால் எண்ணுகிற ஆளுக்கு என்ன தெரியப் போகிறது என்று முடிவு செய்தார்கள். இப்ராஹீம் ராகு காலத்தில் ஓட்டுவான், அது சரி. இராமசாமியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"கழுத்த அறுத்தாலும் மாட்டேன் முதலாளி," என்றான் அவன். "ராகு காலத்துல சாவியத் திருப்பினா இஞ்சின் வெடிக்கும்."

"ஒரே லோரி சுத்திச் சுத்தி வந்தா குழந்தகூடக் கண்டுபிடிச்சிடும்யா," என்று அழகப்பன் தலையில் கைவைத்தார்.

அப்போது இவர் குரல் கேட்டது. மேடைக் குரல் அல்ல, சாதாரணக் குரல்.

"அந்த லோரியை நான் ஓட்டுறேன்."

"ராகு காலத்துலயா? நீயா?"

"நான்தான். பத்தரைக்கு முதல் வண்டியை நானே கிளப்புறேன். சமூகத்துக்காக ராகு என்னைப் பிடிச்சாலும் பிடிக்கட்டும்."

கீழே யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அழகப்பனாகத்தான் இருக்கும். மேலே எனக்கு முறம் கையிலிருந்து நழுவி அரிசி பலகை இடுக்கெல்லாம் சிதறியது. ராகு காலத்தில் மாடிப்படி இறங்காத மனிதர் இவர். முதல் லோரி வாங்கப் போன அன்று, ராகு காலம் முடியட்டும் என்று விற்றவரின் ஆபீசிலேயே உட்கார்ந்து, அவர் கொடுத்த கோப்பியைக்கூட நேரம் பார்த்துக் குடித்தவர். அப்பேர்ப்பட்டவர் சொந்தப் பிழைப்பைக் கெடுத்துக்கொள்வதற்காக ராகுவையும் எதிர்த்துக் கிளம்புகிறார் என்றால், இதை நான் எந்தக் கோயிலில் போய் முறையிடுவது? அன்று நான் அவரோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. எண்ண வந்த அதிகாரி பாலகிருஷ்ணன் என்று ஒரு பையன். கண்ணாடியும் புதுத் தொப்பியுமாக எங்கள் மாடிப்படிக்குப் பக்கத்தில், கடைகளுக்கு முன்னால் போகும் ஐந்தடிப் பாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு சின்ன யந்திரம். வண்டி போகும்போது கட்டைவிரலால் அமுக்கினால் அதில் எண் ஏறும்.

சொன்னபடி பத்தரைக்கு இவர் லோரியில் ஏறினார். நெற்றி நிறைய விபூதி. கண்ணை மூடி ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டது எனக்கு மாடியிலிருந்தே தெரிந்தது. சாவியைத் திருப்பினார். இஞ்சின் வெடிக்கவில்லை. இராமசாமி காதைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றான்.

இவர் முன்னால் போக, இப்ராஹீம் பின்னால் போனான். ஜாலான் புசார் வழியாகப் போய், வளைந்து, சிராங்கூன் ரோட்டில் ஏறி மறுபடியும் தெருவுக்குள் வந்தார்கள். ஒரு சுற்றில் லோரியில் தேங்காய் மட்டை திணித்த சாக்கு. அடுத்த சுற்றில் அதே சாக்கின் மேல் தார்ப்பாய். அதற்கடுத்த சுற்றில் தார்ப்பாயின் மேல் கனி பாயின் வேலையாள் ஒருவன் உட்கார்ந்து வெற்றிலை போட்டான். போதாததற்குக் கனி பாய் தன் சொந்தக்காரர்களின் வேன்கள் நாலைந்தையும் எங்கிருந்தோ வரவழைத்திருந்தார். பாலகிருஷ்ணன் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை, அவர் என்ன பாவம் செய்தார்? ஒரு செம்பில் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அக்கா, இந்தத் தெருவுல தினமும் இவ்வளவு லோரியா?"

எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் தெருவை விட்டுக்கொடுக்க முடியுமா? "இன்னைக்குக் கொஞ்சம் கம்மிதான் தம்பி," என்றேன்.

அவர் மோரை வாயில் வைத்தபடியே பெருமூச்சு விட்டார். "நல்லதுக்கு இல்லக்கா. ஓரளவுக்கு வண்டி இருந்தாத்தான் நிலையம் கட்ட முடியும். இவ்வளவு நெரிசல்ல நிலையத்துக்கு வர்ற வண்டிக்கு எங்க வழி விடுறது? இதுக்கு மேல போச்சுன்னா, தெரு தாங்காதுன்னு இந்த இடத்தையே விட்டுடுவாங்க."

"விட்டுடுவாங்களா?"

"புக்கிட் பாஞ்சாங்குக்குப் போயிடும்."

"அப்படியா தம்பி," என்றேன். "இன்னும் கொஞ்சம் மோர் குடிங்க."

புக்கிட் பாஞ்சாங் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். தஞ்சோங் பகாரைவிடத் தூரம். அங்கே இறங்குகிற மூட்டையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வர முடியாது. லோரிதான் போகவேண்டும். படியில் நின்று இதை ஒரு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். செம்பை அங்கேயே வைத்துவிட்டு அழகப்பன் கடைப் பக்கம் ஓடினேன்.

பன்னிரண்டு அடித்தது. கனி பாய் ஆட்கள் கைகால் கழுவித் தொழுகைக்குக் கிளம்பினார்கள். இவர் லோரியிலிருந்து இறங்கி, வேர்வையில் குளித்தவராக எங்கள் படியில் உட்கார்ந்தார். அழகப்பன் கடைவாசலில் நின்று, "ரெண்டு சுத்து போதும் இராமசாமி, மெதுவாப் போய்ட்டு வா," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணே!" என்றேன். "ரெண்டு சுத்தா? அந்தப் பையன் எண்ணிக்கிட்டிருக்கான்ல. கனி பாய் ஆளுங்க ராகு காலத்துலயே அவ்வளவு வண்டி விட்டாங்க. நம்ம நேரத்துல ரெண்டே ரெண்டு போனா பார்க்க நல்லாவா இருக்கும்?"

அவ்வளவுதான். அழகப்பனுக்கு மீசை துடித்தது. "டேய்! பஃபலோ ரோட்டுல மாட்டுவண்டி எத்தனை இருக்கோ அத்தனையும் வரச் சொல்லுங்கடா!"

மாட்டுவண்டி வந்தது. பால்காரர்கள் சைக்கிளோடு வந்தார்கள். துணி வெளுக்கிறவர் மூட்டை வண்டியோடு வந்தார். கச்சான் பூத்தே என்று கடலை விற்கிறவரைக்கூடக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். இதுவும் போதாது என்று எனக்குப் பட்டது. தேக்கா ஆட்டுப் பட்டிக்காரர் எனக்குத் தூரத்து உறவு. "அண்ணே, ஆடும் சரக்குதானே, ஓட்டிட்டு வாங்க," என்றேன். அவர் பட்டியைத் திறந்துவிட்டார்.

ஆடுகள் ஒரு பக்கத்திலிருந்து வந்தன. இராமசாமியின் லோரி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. நடுவில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே திரும்பியது, திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது. ஒரு சைக்கிளின் பால் கேன் கவிழ்ந்தது. தெருவில் ஊசி விழ இடமில்லை. அந்த நேரம் பார்த்துத் தொழுகை முடிந்து கனி பாய் ஆட்கள் வந்தார்கள். தாங்கள் விட்டதைவிட அதிகமாக வண்டி நிற்பதைக் கண்டதும் அவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுபடி வேன்களைக் கொண்டுவந்து பின்னால் சொருகினார்கள். பாலகிருஷ்ணன் நாற்காலி மேல் ஏறி நின்றார். எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கட்டைவிரலை ஊதிக்கொண்டிருந்தார். அவருடைய புதுத் தொப்பியை ஓர் ஆடு பாதி தின்றுவிட்டிருந்தது.

"பார்த்தியா மங்களம்!" என்று அழகப்பன் ஆட்டு மந்தைக்கு நடுவிலிருந்து கத்தினார். "நிலையம் நமக்குத்தான்!"

"நமக்குத்தான் அண்ணே!" என்று நானும் கத்தினேன்.

முடிவைச் சொல்ல ஒரு மாதம் கழித்துப் பாலகிருஷ்ணனே வந்தார், தொப்பி இல்லாமல். குழுவுக்கு வடை, கேசரி எல்லாம் தயாராக இருந்தது. மாலைகூட வாங்கி வைத்திருந்தார்கள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தெருவில் போக்குவரத்து மிக மிக அதிகம். இதற்கு மேல் ஒரு வண்டிகூட இந்தத் தெரு தாங்காது. ஆகவே சரக்கு நிலையத்துக்குப் புக்கிட் பாஞ்சாங்கைத்தான் சிபாரிசு செய்திருக்கிறார்கள்.

அழகப்பன் கேசரித் தட்டைப் பிடித்தபடியே நின்றார். கனி பாய் தலையைச் சொறிந்தார். பிறகு அழகப்பன்தான் கேட்டார்.

"அப்ப அங்கேருந்து சரக்கை யாரு கொண்டாறது?"

எல்லாரும் திரும்பி இவரைப் பார்த்தார்கள். இவர் முகத்தைத் துக்க வீட்டுக்குப் போனவர் மாதிரி வைத்துக்கொண்டு, "என்ன செய்றது, நம்ம தலைவிதி. என் லோரி ரெண்டும் இருக்கு, நான் கொண்டாறேன்," என்றார். ஒரே வரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"மங்களம், நான் எதுக்கு ராகு காலத்துல வண்டியக் கிளப்பினேன்னு நினைச்சே?"

"சமூகத்துக்காகன்னு சொன்னீங்களே."

"சமூகமாவது! ராகு காலத்துல ஆரம்பிச்ச காரியம் எது உருப்பட்டிருக்கு? வேணாம்னு வாயால சொல்ல வழியில்ல. இராமசாமி மாட்டேன்னு சொன்னப்பதான் பளிச்சுன்னு தோணுச்சு. நானே மொதல்ல கிளப்புவோம், அந்தக் காரியம் விளங்காமப் போகட்டும்னு."

நான் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"பயந்துக்கிட்டேதான் ஓட்டினேன்," என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. "காரியத்தைப் பிடிக்கிற ராகு ஆளையும் பிடிச்சிட்டா? பிடிச்சாலும் பரவாயில்லன்னு நினைச்சுக்கிட்டேன். லோரி ரெண்டும் உனக்கு இருக்கும்ல. நீ யாருகிட்டயும் போய் நிக்க வேணாம்ல."

இந்த மனிதருக்கு மைக்கைத் தவிர வேறு நினைப்பே இல்லை என்று எத்தனை வருஷமாக வாயாரத் திட்டியிருக்கிறேன்! அந்த வெள்ளிக்கிழமை விபூதி நெற்றியோடு இவர் சாவியைத் திருப்பியபோதுகூட, நான் மாடியிலிருந்து மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் நின்றேன். இதைக் கேட்ட அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு வந்த பிரியம், கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

மோர்ச் செம்பு, அழகப்பனின் மீசை, ஆட்டுப் பட்டி எல்லாம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இவர் முகத்தைப் பார்த்தேன். மைக் இல்லாமல், ஒரு கைதட்டல் இல்லாமல் இவர் செய்த ஒரே காரியம் அது. அதையும் நான் பிடுங்கிக்கொள்வதா? விழுங்கிவிட்டேன்.

"ராகு எப்பேர்ப்பட்ட ஆளு பார்த்தியா," என்றார் இவர். "அத்தனை ஆட்டையும் மாட்டையும் எங்கேருந்து கொண்டாந்து விட்டாரு! அவருக்கு உளுந்துதான் பிரியம். நாளைக்கு வடை சுட்டுப் படைச்சிடு."

உளுந்தை ஊறப்போட்டேன். ஆட்டுக்கல்லில் கை ஓயும் மட்டும் ஆட்டினேன். ஒரு கூடை வடை சுட்டு, இலை போட்டு, விளக்கேற்றிப் படைத்தோம். இவர் கண்ணை மூடிக்கொண்டு ராகுவுக்கு நன்றியுரை சொல்ல ஆரம்பித்தார். அது சீக்கிரம் முடிகிற உரை இல்லை என்று எனக்குத் தெரியும். இலையில் இருந்ததிலேயே பெரிய வடையாகப் பார்த்து எடுத்து, சூட்டோடு நான் தின்றேன்.